ஆப்பிரிக்கக் கிராமத்துக்கு போர்வெல் போட்டுத் தர நினைப்பவர்களுக்கு

அம்மா நினைவாக, குழந்தையின் பிறந்தநாளுக்காக, ஆப்பிரிக்காவில் ஒரு ஊருக்கு ஆழ்துளைக் கிணறு (போர்வெல்) போட்டு அடிபம்பு மாட்டித் தருவது நல்ல தருமம். ஆனால் அந்தப் பணத்தைப் புது பம்புக்குக் கொடுக்காதீர்கள், ஏற்கெனவே நிற்கும் பம்பு ஓடுவதற்குக் கொடுங்கள் என்பேன். சகாராவுக்குத் தெற்கே 20 நாடுகளின் கணக்கை 2009-ல் ஊரக நீர் வழங்கல் வலையமைப்பு (RWSN) என்ற சர்வதேச அமைப்பு தொகுத்தபோது, அடிபம்புகளில் 36 சதவீதம் வேலை செய்யவில்லை. மூன்றில் ஒன்றுக்கு மேல்! கொடுத்தவரின் பெயர்ப்பலகை இருக்கும், தண்ணீர் வராது. பெண்கள் பழைய குட்டைக்கே குடத்தைத் தூக்கிக்கொண்டு போவார்கள்.

ஏன் நின்றுபோகிறது? அங்கே பல நாடுகளில் இருப்பது நம் ஊர்ப் பம்புதான். இந்தியா மார்க் 2, யுனிசெஃப் உதவியோடு கோயம்புத்தூர் பக்கம் கிணறுகளில் சோதித்து, 1970-களின் கடைசியில் சென்னை ரிச்சர்ட்சன் அண்ட் குருடாஸ் ஆலையில் பெருமளவில் செய்யப்பட்டது. உறுதியானது. ஆனால் தேய்வது கீழே நீருக்குள் நிற்கும் சிலிண்டரில் இருக்கும் சின்ன வாஷர். அதை மாற்ற மொத்தத்தையும் மேலே இழுக்க வேண்டும். 30 மீட்டர் ஆழம் என்றால் 3 மீட்டர் இரும்பு பைப் பத்து, ராடு பத்து. கிளாம்பு, பெரிய ஸ்பேனர், நாலைந்து ஆள், வேலை தெரிந்த ஒரு மெக்கானிக் இல்லாமல் நடக்காது. கிழக்கு ஆப்பிரிக்காவில் உருவான ஆஃப்ரிடெவ் பம்பில் பிவிசி பைப்பை அப்படியே விட்டு, உள்ளே இருப்பதை மட்டும் ஒரே ஸ்பேனரால் உருவி எடுத்துவிடலாம். ஊர்க்காரர்களே செய்வார்கள். ஆனால் அது 45 மீட்டர் வரைக்கும்தான்.

என்ன கோளாறு என்று பம்பை அடிக்கும்போதே சொல்லிவிடலாம். வெகுநேரம் அடித்த பிறகு தண்ணீர் வந்தால் கீழ் வால்வு கசிகிறது அல்லது பைப்பில் ஓட்டை. கைப்பிடி திடீரென்று லேசாகி ஒரு சொட்டும் வராவிட்டால் ராடு கழன்றோ உடைந்தோ இருக்கும். தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தால் வாஷர். செம்மண் நிறத்தில் வந்தால் பெரும்பாலும் பைப் துருப்பிடிக்கிறது. இந்தக் கடைசிதான் பெரிய சிக்கல். நிலத்தடி நீரின் பிஹெச் (அமிலத்தன்மையைக் காட்டும் அளவு) 6.5-க்குக் கீழே இருந்தால் இரும்பு பைப்பின் துத்தநாகப் பூச்சு தாங்காது. சுவை கெட்டு, துணியில் கறை படிந்து, பம்பு ஓடினாலும் மக்கள் அந்த நீரைக் கைவிடுகிறார்கள். அங்கே துருப்பிடிக்காத எஃகு அல்லது பிவிசி போட வேண்டும். மலிவு என்று துத்தநாகம் பூசிய கால்வனைஸ் பைப் இறக்கினால் மொத்தச் செலவும் வீண்.

அதனால் பணம் கொடுக்கும் முன் தொண்டு நிறுவனத்திடம் கேளுங்கள்: பைப் இறக்கும் முன் பிஹெச் பார்த்தீர்களா? வாஷர் விற்கும் கடை எத்தனை கிலோமீட்டரில்? போன வருடம் போட்ட பம்புகளில் இன்று எத்தனை ஓடுகின்றன? பழுதானால் எத்தனை நாளில் ஆள் வருகிறார்? இதற்கு எண்ணில் பதில் சொல்பவர்களை நம்பலாம். படம் மட்டும் அனுப்புபவர்களுக்கு நான் கொடுக்க மாட்டேன்.

செய்ய முடியாத காரியம் இல்லை. கென்யாவின் கியூசோ பகுதியில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பம்பின் கைப்பிடியில் ஒரு சிறு அலைபரப்பி பொருத்தினார்கள். கைப்பிடி எவ்வளவு அசைகிறது என்று குறுஞ்செய்தி போகும், அசைவு நின்றுவிட்டால் மெக்கானிக் கிளம்புவார். சராசரியாக 27 நாள் கிடந்த பழுது 3 நாளுக்குள் தீர்ந்தது. அதிலிருந்து பிறந்த ஃபண்டிஃபிக்ஸ் என்ற பராமரிப்பு நிறுவனம் மாதக் கட்டணம் வாங்கிப் பராமரிக்கிறது. கட்டணம் மட்டும் போதாது, மீதிக்கு நன்கொடை தேவைப்படுகிறது. நம் பணம் சேர வேண்டிய இடம் அதுதான்.

ஒரே தடவை பெரிய தொகை வேண்டாம், மாதாமாதம் சிறிய தொகை. 'இந்த ஊருக்கு மட்டும்' என்று நிபந்தனையும் வேண்டாம். மெக்கானிக்கின் சம்பளம், மோட்டார் சைக்கிள் பெட்ரோல், உதிரிபாகக் கையிருப்பு இதற்கெல்லாம் யாரும் பெயர்ப்பலகை வைப்பதில்லை, அதனால்தான் எப்போதும் பற்றாக்குறை.

பிரிட்டனில் வரி கட்டுபவர்கள் நன்கொடைப் படிவத்தில் கிஃப்ட் எய்ட் பெட்டியில் டிக் செய்யுங்கள், ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசு 25 பென்ஸ் சேர்க்கும். இந்தியாவிலிருந்து வெளிநாட்டு நிறுவனத்துக்கு நேரடியாக அனுப்பினால் நன்கொடைக்கான வருமான வரி விலக்கு கிடையாது. வங்கியில் பான் எண்ணும், வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கான ஏ2 படிவமும் கேட்பார்கள்.