அறைத்தோழர் பாதியில் போனால் அவர் பங்கு யார் தலையில்?

நண்பர்கள் சேர்ந்து எடுத்த வாடகை வீட்டைப் பற்றி, "பாதியில் காலி செய்தவனின் வாடகைப் பங்கை வீட்டுக்காரர் அவனிடம்தான் கேட்க முடியும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பல மாணவர்கள் மாட்டிக்கொள்வது இந்த நம்பிக்கையில்தான்.

முதலில் ஒப்பந்தத்தைப் பாருங்கள். அறைக்கு அறை தனி ஒப்பந்தம் என்றால் அவர் சொல்வது சரி. உதாரணமாக, நால்வர் தங்கும் வீட்டில் நால்வரும் ஒரே தாளில் கையெழுத்திட்டு, அதில் "கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு" என்ற வரி இருந்தால், முழு வாடகையையும் நால்வரில் யாரிடமும் கேட்கலாம். ஜாமீன் கையெழுத்துப் போட்ட பெற்றோரிடமும் கேட்கலாம். ஜாமீன் உங்கள் பங்குக்கு மட்டும் என்று ஜாமீன் தாளில் எழுதியிருந்தால்தான் அவர்கள் மற்றவர் பங்கிலிருந்து தப்பிக்கலாம். உங்களுக்குள் போட்ட பங்குக் கணக்கு வீட்டுக்காரரைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் எழுதி வையுங்கள், போனவரிடம் பணத்தைத் திரும்பக் கேட்க அதுதான் ஆதாரம்.

ஒருவர் கிளம்பும்போது சாவியை வாங்கிக்கொண்டால் மட்டும் போதாது. மாற்று ஆளுக்கு வீட்டுக்காரரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். போகிறவர் பெயரை நீக்கி, வருபவர் பெயரைச் சேர்த்துத் திருத்தம் கையெழுத்தாக வேண்டும். முன்பணத்தில் போகிறவரின் பங்கை அவருக்கு யார் திருப்பித் தருவது என்பதும் அதிலேயே இருக்கட்டும். அன்றே அறையைத் தேதியுடன் படமெடுங்கள். இல்லாவிட்டால் போனவர் உடைத்த அலமாரிக் கதவுக்கும் கடைசியில் உங்கள் முன்பணத்தில்தான் கழிப்பார்கள்.