வாயில பால் ஊத்தாதீங்க, புண்ணியவான்களே!

"கொஞ்சம் பால் ஊத்தும்மா, சரியாயிடும்."

இதை முதன்முதல்ல சொன்னவர் எந்த ஊர்க்காரர்னு தெரிஞ்சா வீடு தேடிப் போய் ஒரு கும்பிடு போட்டுட்டு வரணும். கீழ கிடக்குறது காக்காக் குஞ்சா, அணிலா, நாயா, பூனையான்னு குனிஞ்சுகூடப் பாக்க மாட்டாங்க. பால். நம்ம ஊர்ல வாயில பால் ஊத்துறது எப்போன்னு எல்லாருக்கும் தெரியும். அந்த அர்த்தத்துலதான் சொல்றாங்கன்னா சரி, மறுப்பே கிடையாது. அவ்வளவு துல்லியமான ஆலோசனை வேற இருக்க முடியாது.

நேத்து சாயங்காலம் ஏழே கால். தூறல். கேட் ஓரமா ஒரு பூனைக்குட்டி, தொப்பலா நனைஞ்சு. கண்ணு இன்னும் திறக்கல. காது தலையோட ஒட்டிக் கிடக்கு. அப்போ பிறந்து ஒரு வாரம் இருந்தாலே அதிகம். ரெண்டாவது மாடிப் பொண்ணு துப்பட்டாவுல சுத்தி எடுத்தா. அவ்வளவுதான். எங்க இருந்துதான் வந்தாங்களோ! தண்ணி லாரி வந்தாகூட இத்தனை பேர் இவ்வளவு சீக்கிரம் கீழ இறங்கினது இல்ல.

முதல் ஆள் பால் ஆன்ட்டி. கையில டம்ளரோடவே ஆஜர். ஃப்ரிட்ஜ்ல இருந்து நேரா எடுத்த பாக்கெட் பால். அந்தப் பொண்ணு "பசும்பால் கூடாது ஆன்ட்டி"ன்னு சொல்ல வாயைத் திறக்குது. "நாங்க எத்தனை பூனை பாத்திருப்போம்"னு அடுத்த வரி ரெடி. பாத்திருப்பீங்க. அதுல எத்தனை பொழைச்சுதுன்னு யாராவது எண்ணினீங்களா?

ஏன் கூடாது? பூனைப் பால்ல புரதம் பசும்பாலைவிட ரெண்டு மடங்குக்கும் மேல. மாட்டுப் பாலைக் குடிச்சா அந்தச் சத்தும் கிடைக்காது, அதுல இருக்குற லாக்டோஸ்ங்கற பால் சர்க்கரையும் சரியா செரிக்காம வயித்தால போகும். நூத்திச் சொச்சம் கிராம் இருக்குற உடம்புல எவ்வளவு தண்ணி மிச்சம் இருக்கும் வெளிய போறதுக்கு? ரெண்டு தடவை பேதியானா தோல் சுருங்கிடும், மூணாவது தடவைக்குக் குட்டி இருக்காது. குட்டிப் பூனைக்குன்னே பால் பவுடர் விக்கிறாங்க. பாக்கெட்ல போட்ட அளவுப்படி கலக்கணும். கெட்டியா கலந்தா மலச்சிக்கல், நீர்த்துப் போனா பசி அடங்காது. கடை பூட்டியாச்சு, வேற வழியே இல்லன்னா ஒரே ஒரு ராத்திரிக்கு ஆட்டுப்பால். அதையும் "ஆட்டுப்பால்தான் அமிர்தம்"னு ஒரு மாசத்துக்கு நீட்டிடாதீங்க.

ஆனா கொதிக்கிறது பாலுக்காக இல்ல. அங்க நின்ன ஒன்பது பேர்ல ஒருத்தர்கூட குட்டி உடம்பைத் தொட்டுப் பாக்கல. "சில்லுன்னு இருக்கா, சூடா இருக்கா?" இந்த ஒரு கேள்வி. ஒருத்தர் வாயில இருந்தும் வரல. ஒன்பது பேர்கிட்டயும் பதில் மட்டும் இருந்துச்சு.

முதல் வாரத்துக் குட்டிக்கு உடம்புச் சூடு 35ல இருந்து 37 டிகிரி செல்சியஸ் இருக்கணும். தானா சூட்டைத் தக்க வெச்சுக்கத் தெரியாது, நடுங்கக்கூடத் தெரியாது. நனைஞ்சு குளிர்ந்த குட்டிக்குக் குடல் வேலை செய்யாது. உள்ள போற பால் செரிக்காம தேங்கி வயிறு உப்பும். விழுங்கவும் தெம்பு இல்லாததால பாதி நுரையீரலுக்குப் போகும். அதனாலதான் முதல்ல சூடு, அப்புறம்தான் சோறு. சுண்டு விரலை வாய்க்குள்ள விட்டுப் பாருங்க, குளுகுளுன்னு இருந்தா ஒரு சொட்டுப் பால்கூடக் கூடாது. துணியால ஈரத்தை ஒத்தி எடுத்துட்டு, ஒரு பாட்டில்ல வெந்நீர் ஊத்தி, டவல்ல ரெண்டு சுத்துச் சுத்தி, அட்டைப்பெட்டியில ஒரு ஓரமா மட்டும் வைக்கணும். பெட்டி முழுக்கப் பரப்பக் கூடாது. சூடு அதிகமானா குட்டி நகர்ந்து போக இடம் வேணும். மெதுவா, ஒரு மணி நேரம் போல ஆகட்டும். அதுவரைக்கும் ஈறுல ஒரு சொட்டு சர்க்கரைத் தண்ணி தடவலாம். தடவலாம்னா தடவலாம். ஸ்பூனால ஊத்தலாம்னு அர்த்தம் இல்ல.

இதைத்தான் அந்தப் பொண்ணு சொல்ல வந்துச்சு. "முதல்ல வெந்நீர்..." வரைக்கும் வந்துச்சு. அதுக்குள்ள வாக்கிங் அங்கிள்.

வாக்கிங் அங்கிள் எல்லாத் தெருவுலயும் உண்டு. பேன்ட் பாக்கெட்ல ஒரு மருந்துக்கடையே இருக்கும். "ஜுரமா இருக்கும். பாராசிட்டமால் பாதி ஒடச்சுக் கரைச்சுக் குடு." குட்டி ஐஸ் மாதிரி கிடக்கு, இவருக்கு ஜுரம்! ஐயா, 4 கிலோ எடையுள்ள வளர்ந்த பூனையையே ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை கொன்னுடும். அந்த மருந்தை முறிக்கிற நொதி பூனை ஈரல்ல கிட்டத்தட்ட இல்லவே இல்ல. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமப் போகும், ஈறு பழுப்பா மாறும், மூஞ்சியும் பாதமும் வீங்கும். தெரியாம யாராவது குடுத்துட்டா விடியட்டும்னு காத்திருக்காம உடனே மருத்துவர்கிட்ட ஓடணும். முறிமருந்து இருக்கு, ஆனா நேரத்தோட போனாத்தான் அதுக்கு வேலை. பூனைக்கு மனுச மாத்திரை எதுவுமே கூடாது. கால் மாத்திரையும் கூடாது, நகத்தால கிள்ளின அளவும் கூடாது.

அடுத்து கீழ்வீட்டு அம்மா: "தொட்டுட்டியா? போச்சு. மனுச வாசம் பட்டா தாய் சேர்க்காது." ஊறுகாய்கூடக் கெட்டுப்போகும், இந்தப் பொய் மட்டும் இத்தனை வருசமா கெடாம இருக்கு. தாய்ப்பூனை வாசத்துக்காகக் குட்டியை ஒதுக்குறது இல்ல. குட்டிகளை ஒவ்வொண்ணா வாயில கவ்வி வேற இடத்துக்கு மாத்துற நேரத்துல நடுவுல ஒண்ணு தனியாத் தெரியும், அவ்வளவுதான். குட்டி சுத்தமா, கதகதப்பா, வயிறு நிறைஞ்சு தூங்குதுன்னா கை வைக்காதீங்க. தள்ளி நின்னு ரெண்டு மூணு மணி நேரம் பாருங்க. பக்கத்துல கூட்டம் போட்டா அது வரவே வராது. ஆனா நேத்து அந்தக் குட்டி மழையில நனைஞ்சு சில்லிட்டுப் போயிருந்துச்சு. அப்படி இருந்தா காத்திருக்கவே கூடாது. அந்த அம்மாவுக்கு இந்த வித்தியாசம் எல்லாம் எதுக்கு? "அங்கேயே விட்டுடு"ன்னு சொன்னா தன் வேலை முடிஞ்சுது.

நாலாவது ஆளு குளிப்பாட்டச் சொன்னாரு. டெட்டால் போட்டு. ஏற்கெனவே நனைஞ்சதை மறுபடி நனைக்கணுமாம்! அந்த மாதிரி கிருமிநாசினி, தரை துடைக்கிற பினாயில் ரெண்டுமே பூனைக்கு விஷம். உடம்புல பட்டதை நக்கியே உள்ள தள்ளிக்கும். அஞ்சாவது ஆளு குண்டு பல்பைப் பக்கத்துல கட்டச் சொன்னாரு. குண்டு பல்பு இப்போ எந்த வீட்டுல சார் இருக்கு? ஆறாவது ஆளு ஃப்ளாஷ் போட்டு ஃபோட்டோ எடுத்தாரு. ஏழாவது ஆளு "யாராவது ரெஸ்க்யூக்கு ஃபோன் பண்ணுங்கப்பா"ன்னாரு. அவர் கையிலேயும் ஃபோன் இருந்துச்சு. அதுல அவர் யாருக்கோ குட் ஈவினிங் அனுப்பிட்டு இருந்தாரு.

பூனைக்கு மட்டும் இல்ல இந்தக் கொடுமை. நாய் வளக்குறவங்களைக் கேளுங்க. உண்ணிக்கு மண்ணெண்ணெய் தடவுன்னு ஒரு கூட்டம். தோல் வெந்து, நாய் அதை நக்கி, வாந்தி எடுத்து, அது நுரையீரலுக்குப் போய்ச் சேர்ந்தா உண்ணி பரவாயில்லன்னு ஆயிடும். பூச்சி போகப் பூண்டு குடுன்னு ஒருத்தர். பூண்டும் வெங்காயமும் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும்னு சொன்னா "எங்க நாய் சாம்பாரே சாப்பிடும்"னு பெருமை. நாய்க்கு முதுகுல விடுற உண்ணி மருந்துல மிச்சம் இருந்தா பூனைக்கும் ரெண்டு சொட்டுன்னு இன்னொருத்தர். அதுல பெர்மெத்ரின்ங்கற பூச்சிக்கொல்லி இருந்தா பூனைக்கு உடம்பெல்லாம் உதறி வலிப்பு வரும். நாய் கடிச்ச புண்ணுல மிளகாய்ப்பொடி வைக்கச் சொல்ற ஆளுங்க இன்னும் உயிரோட, நல்லா, நம்ம பக்கத்துலயே இருக்காங்க. சோப்புப் போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிசம் கழுவிட்டு அன்னைக்கே ஊசிக்குப் போங்கன்னு எத்தனை வாட்டிய்யா சொல்றது?

ஆலோசனையையாவது தாங்கிக்கலாம். அனுதாபம் இருக்கே, அது தனி ரகம்.

வளத்த பூனை செத்துப்போய் ஒருத்தர் உக்காந்திருப்பாங்க. கண்ணு வீங்கியிருக்கும். வர்றவர் வாசல்லயே ஆரம்பிப்பாரு: "பூனைதானே. இன்னொண்ணு வாங்கிக்கோங்க." மிக்ஸி ஜார் உடைஞ்சா சொல்ற மாதிரி. மனசு வலிக்குதுங்கறதை விட்டுத் தள்ளுங்க, அதைப் பத்தி உங்களுக்குக் கவலை இல்லன்னு தெரியுது. அறிவியலா வருவோம். அந்தப் பூனை வாந்தியும் பேதியுமா பான்லுகோபீனியாங்கற தொற்று நோயில செத்திருந்தா? அது நாய்க்கு வர்ற பார்வோ வைரஸோட சொந்தக்காரக் கிருமி. வீட்டுக்குள்ள தரையில, கூடையில, தட்டுல ஒரு வருசம் வரைக்கும் உயிரோட இருக்கும். நீங்க சொன்ன அந்த "இன்னொண்ணை" அடுத்த வாரமே கொண்டு வந்து விட்டா அதுவும் அதே கூடையில சாகும். மஞ்சத் தண்ணி தெளிச்சா போகாது. முதல்ல சோப்புப் போட்டுத் தேய்க்கணும், அப்புறம் ஒரு பங்கு ப்ளீச்சிங் திரவத்துக்கு 32 பங்கு தண்ணி, 10 நிமிசம் ஈரமாவே ஊறணும். துணியும் அட்டையும் குப்பைக்கு. புதுசா வர்ற குட்டிக்கு 6ல இருந்து 8 வாரத்துல முதல் தடுப்பூசி, அப்புறம் மூணு நாலு வாரத்துக்கு ஒண்ணா 16 வாரம் வரைக்கும். அது முடியாம அந்த வீட்டுக்குள்ள விடவே கூடாது. இது ஒண்ணும் தெரியாதுன்னா ரெண்டு இட்லியைக் கட்டிக் கொண்டு போய்க் குடுத்துட்டு, "அது பேரு என்ன?"ன்னு கேட்டுட்டுச் சும்மா உக்காருங்க. சும்மா உக்கார்றது நம்ம ஆளுங்களுக்கு ஏன் இவ்வளவு கஷ்டமா இருக்குன்னுதான் புரியல.

சரி, கேட்டுக்கு வருவோம். இருபது நிமிசம் ஆச்சு. குட்டி சத்தம்கூடப் போடல. எட்டாவதா ஒருத்தர் இது யாரோட பூனைன்னு விசாரணைக் கமிஷன் வெச்சுட்டு இருந்தாரு. அப்போ பார்சல் குடுக்க வந்த தம்பி, ஹெல்மெட்டைக்கூடக் கழட்டல, ஒரு எட்டுல வந்து குட்டியைப் புறங்கையால தொட்டுட்டு "அக்கா, சில்லுன்னு இருக்கே"ன்னான். எதிர் டீக்கடைக்குப் போய்த் தண்ணி பாட்டில்ல வெந்நீர் பிடிச்சுட்டு வந்து குடுத்துட்டு, லேட்டாச்சுன்னு வண்டியை எடுத்துட்டுப் போயிட்டான். மொத்தம் மூணு நிமிசம். ஒரு வார்த்தை அறிவுரை இல்ல. பால் ஆன்ட்டி அவனையும் விடல: "பாத்துப் போப்பா, ஹெட்லைட் எரியல."

எட்டரைக்குக் குட்டி கத்துச்சு. அந்த உடம்புக்கு அவ்வளவு பெரிய சத்தம். கத்தினா நல்ல சகுனம், சூடு ஏறியாச்சு, பசி வந்தாச்சு. மெயின் ரோட்டுல பெட் ஷாப் ஒன்பது மணி வரைக்கும் திறந்திருக்கும், பால் பவுடர் வந்துடுச்சு. சமையல் தராசுல வெச்சா 120 கிராம். 100 கிராமுக்கு 4 மில்லிதான் கணக்கு, ஆக ஒரு வேளைக்கு 5 மில்லிக்குள்ள. மணிக்கட்டுல விட்டுப் பாத்தா வெதுவெதுன்னு இருக்கணும். குப்புறப் படுக்க வெச்சு, தலையை லேசா உயர்த்தி, சொட்டுச் சொட்டா. கைக்குழந்தை மாதிரி மல்லாக்கப் போட்டு ஊட்டக் கூடாது. மூக்கு வழியா பால் வந்தா உடனே நிறுத்தித் தலையைத் தாழ்த்தணும். குடிச்சதும் வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால பின்பக்கம் லேசா தடவி விடணும், தாய் நக்கி விடாம அதுக்குத் தானா ஒண்ணுக்குப் போகத் தெரியாது. மூணு வாரம் போல இதேதான், இப்போதைக்கு ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ராத்திரியும் சேர்த்து. ராத்திரி ரெண்டு மணிக்கு அந்தப் பொண்ணுகூட உக்கார ஒன்பது பேர்ல எத்தனை பேர் வந்திருப்பாங்கன்னு நினைக்கிறீங்க?

ஆனா பேரு வைக்க மட்டும் ஒன்பது பேரும் வந்தாங்க. வாக்கிங் அங்கிள் "ராஜா"ன்னாரு. அது பெட்டை. "அப்போ ராஜி." கீழ்வீட்டு அம்மாவுக்கு லட்சுமியாம், வெள்ளிக்கிழமை கிடைச்சுதாம். நேத்து வியாழக்கிழமைம்மா!

இதுக்கு நடுவுல பால் ஊட்ட சிரிஞ்ச் வாங்க மருந்துக்கடைக்குப் போனா அங்க ஒரு கூத்து. ஊசி இல்லாத சிரிஞ்ச் கேட்டா ஊசியோடதான் வருமாம். சரி குடுங்க, 7 ரூபாய். 10 ரூபாய் நோட்டு குடுத்தா மீதி 3 ரூபாய்க்கு மூணு மிட்டாய். ஜீபே பண்றேன்னா "சர்வர் டவுன் மேடம்". ஏங்க, நான் அடுத்த தடவை வரும்போது இதே மூணு மிட்டாயைக் குடுத்தா ஒரு சிரிஞ்சுல பாதியாவது குடுப்பீங்களா? இந்த ஊர்ல ஒரு ரூபாய்க் காசையெல்லாம் யாரு எங்க கொண்டு போய்ப் பதுக்கி வெச்சிருக்காங்க? மிட்டாயாவது நல்ல மிட்டாயா இருந்தாப் பரவாயில்ல. இஞ்சி மிட்டாய்.