"முதல் வரி என்ன எழுதணும் சார்?"

2024 நவம்பர் 22, ராத்திரி ஒன்பதரை மணி. மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கத்திலிருந்து என் பழைய மாணவி கூப்பிட்டாள். விடிந்தால் கிராம சபை. அரிட்டாபட்டியைச் சுற்றி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. சுரங்கம் வேண்டாம் என்று தீர்மானம் எழுதும் வேலையை, "பொலிட்டிகல் சயின்ஸ் படிச்ச பிள்ளை" என்று இவள் தலையில் கட்டிவிட்டார்கள்.

நான் எடுத்தேன் பாருங்கள் வகுப்பு! ஊராட்சிகளுக்கு அதிகாரம் தந்த அரசியல் சட்டத்தின் 73-ஆவது திருத்தம், 243ஜி பிரிவு, அதிகாரப் பரவலாக்கம்... பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் பரீட்சைக்கே எழுதிட்டேன் சார். முதல் வரி என்ன எழுதணும்?" என்றாள்.

எனக்குத் தெரியவில்லை. இருபத்திரண்டு வருஷம் உள்ளாட்சிப் பாடம் நடத்தியவன், ஓர் ஊராட்சியின் தீர்மான நோட்டைக் கையால் தொட்டதில்லை. கடைசியில் ஓய்வுபெற்ற ஊராட்சி கிளார்க் ஒருவர் சொல்லச் சொல்ல எழுதியிருக்கிறார்கள்.

நாங்கள் வகுப்பில் ராபர்ட் டால் என்ற அமெரிக்க அரசியல் அறிஞரை விழுந்து விழுந்து நடத்துவோம். அந்த மனுஷன் செய்தது என்ன? தான் வேலை பார்த்த நியூ ஹேவனில் உண்மையில் யார் ஆள்கிறார்கள் என்று தேடிப் பார்த்தார். அவருடைய ஊர் எங்களுக்கு மனப்பாடம். எங்கள் ஊர்?

புதிய ஊராட்சிச் சட்டத்தின்படி முதல் தேர்தல் 1996-இல். பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கிய தனி ஊராட்சியான மேலவளவில் தலைவரான முருகேசனையும் உடன் ஐந்து பேரையும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொன்றார்கள். உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் பட்டியல் சாதித் தலைவரை ஏற்க மாட்டோம் என்று பத்து வருஷம் தேர்தலையே முடக்கினார்கள். 2006-இல்தான் ஒழுங்காக நடந்தது. அரசியல் சட்டம் ஓர் ஊரின் வாசலில் வந்து நின்றால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் உலகத்தில் எங்கே இருக்கிறது? அங்கே போக ஒன்றரை மணி நேரம் பஸ் ஏறினால் போதும். நான் ஏறவில்லை. "சென்சிட்டிவான விஷயம், எதுக்கு வம்பு" என்று தாண்டிப் போனேன். பயத்துக்கு நடுநிலை என்று பெயர் வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

டங்ஸ்டன் விஷயத்துக்கே வருகிறேன். டீக்கடை டீக்கடையாக ஒரே சண்டை: ஏலம் விட்டது டெல்லியா, சென்னையா? 2023-இல் கனிமச் சட்டத்தைத் திருத்திய பிறகு இந்த மாதிரி முக்கியக் கனிமங்களை ஏலம் விடுவது ஒன்றிய அரசு. ஏலம் எடுத்தவருக்குக் குத்தகை கொடுப்பது மாநில அரசு. இந்த இரண்டு வரி தெரிந்திருந்தால் யாரிடம் எதைக் கேட்பது என்று சனங்களுக்குப் பிடிபட்டிருக்கும். அதை ஒரு பக்க நோட்டீஸாகத் தமிழில் போட்டிருக்க வேண்டியவர்கள் எங்களைப் போன்றவர்கள். போடவில்லை. அப்படிப் போட்டால் பதவி உயர்வுக்கு அரைப் புள்ளிகூடக் கிடையாது என்பது வேறு கதை. சாயங்காலம் டிவியில் 'அரசியல் விமர்சகர்' பட்டையோடு உட்காரச் சொன்னால் மட்டும் சட்டை தேய்த்து ரெடி.

சனங்கள் எங்களுக்காகக் காத்திருக்கவில்லை. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் வரை நடந்தே வந்தார்கள். 23-ஆம் தேதி ஏலம் ரத்து.

"வாத்தியார் ஒரு தரப்புக்குக் கட்சி கட்டலாமா?" என்று சக பேராசிரியர்கள் கேட்பார்கள். கட்சி கட்டச் சொல்லவில்லை அய்யா. சுரங்கம் வேண்டும் என்கிறவர் வந்து கேட்டாலும் அதே சட்டத்தை அதே மாதிரிதான் படித்துக் காட்டப்போகிறோம். எழுத்துத் தெரியாதவருக்கு மணியார்டர் பாரம் நிரப்பிக் கொடுத்தவர் அவர் குடும்பச் சண்டையிலா சேர்ந்துவிட்டார்?

போன வருஷம் அதே பெண் மறுபடி கூப்பிட்டாள். 2025 ஜனவரி 5-ஓடு எங்கள் மாவட்ட ஊராட்சிகளில் பதவிக்காலம் முடிந்து, எல்லாம் தனி அலுவலர் கைக்குப் போயிருந்தது. "தலைவரே இல்லையே சார், இப்ப சபைக்கு யார் தலைமை? நாங்க போடற தீர்மானம் செல்லுமா?"

இந்த முறை வகுப்பு எடுக்கவில்லை. ரெண்டு நாள் டைம் கேட்டேன். சட்டப் புத்தகத்தைத் தேடி எடுத்து, அந்தப் பழைய கிளார்க்கிடமும் கேட்டு, ஒரு பக்கம் தமிழில் எழுதி வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினேன்.

பத்து நிமிஷத்தில் பதில்: "கையெழுத்து புரியல சார். டைப் பண்ணி அனுப்புங்க."