கோபுரத்தின் உச்சியில் நின்று ஊர் பார்த்த அண்ணனுக்கு

அண்ணன் சீனாவின் குவாங்சோ நகரில் எடுத்துப் போட்ட அந்த வீடியோவை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். முழுசாகப் பார்த்துவிட்டேன், அந்தப் பின்னணி இசையோடு சேர்த்து. அதன் கீழே, ஆட்கள் வாழும் இடத்தைக் குப்பை என்று சொல்லாதே என்று நான் போட்ட கமெண்டும் அதற்குக் கிடைத்த அர்ச்சனையும் நீங்கள் பார்த்ததுதான், முழுசாகத் திரும்ப ஒட்டப்போவதில்லை.

குவாங்சோவின் கண்ணாடிக் கட்டடங்கள், டிரைவர் இல்லாத குட்டி மெட்ரோ, தெருவோரக் கடையில் கியூஆர் கோடு. எல்லாம் உண்மை. இதிலெல்லாம் எனக்குச் சண்டையே இல்லை. சண்டை கடைசி இரண்டு நிமிடத்தில்தான். 600 மீட்டர் கேண்டன் டவரில் ஏறி நின்றுகொண்டு, தென்மேற்கே தெரியும் தகரக் கூரைகளை ஜூம் பண்ணி, "இந்தக் குப்பையை இன்னும் ஏன் வெச்சிருக்காங்கன்னு தெரியல மக்களே" என்று ஒரு சிரிப்பு. அப்புறம், "நம்ம ஊர்லயும் இடிச்சாத்தான் உருப்படும்" என்று ஒரு தீர்ப்பு.

அண்ணா, அது குப்பை இல்லை. காங்லெ, நகரம் சுற்றி வளைத்துக்கொண்ட ஒரு பழைய கிராமம். பக்கத்தில் லுஜியாங், அதுவும் அப்படித்தான். அங்கே ஆட்கள் இருக்கிறார்கள்.

ஜோங்டா துணிச் சந்தைக்கு லேஸ், ஜிப், பட்டன் பார்த்து வாங்கத்தான் நான் இந்த ஊருக்கு வந்ததே. திருப்பூர் கம்பெனிகள் கேட்பதைத் தேடி அனுப்புவது என் பிழைப்பு. மதியச் சாப்பாடு முடிந்ததும் கடைக்காரர்கள் துணி ரோல்களுக்கு நடுவே மடக்குக் கட்டிலை விரித்துத் தூங்கிவிடுவார்கள். அந்த நேரத்தில்தான் பின்பக்கச் சந்துகளில் நடக்கப் பழகினேன். இந்தக் கிராமங்களின் வயல்களை நகரம் எடுத்துக்கொண்டது, வீட்டு மனைகளை விட்டுவைத்தது. ஊர்க்காரர்கள் அந்த மனைகளில் ஆறு ஏழு மாடி எழுப்பி வாடகைக்கு விட்டார்கள். எதிர்வீட்டு ஜன்னலுக்கு இங்கிருந்தே கைகொடுக்கலாம், அவ்வளவு நெருக்கம். கீழே தையல் பட்டறை, மேலே படுக்கை.

சந்து முனையில் பட்டறை முதலாளிகள் ஒரு சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரிசையாக நிற்பார்கள். வேலை தேடி வருகிறவர் அதை வாங்கி உள்பக்கம் திருப்புவார். தையலை விரலால் நீவிப் பார்ப்பார். பீஸுக்கு எவ்வளவு என்று கேட்பார். கட்டாது என்றால் ஒரு வார்த்தை பேசாமல் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விடுவார். எத்தனை பேரம் பார்த்திருக்கிறேன், இவ்வளவு கௌரவமான பேரம் பார்த்ததில்லை. அந்தக் கோபுரத்தில் செல்ஃபி எடுக்க வருகிறவர்கள் போட்டிருக்கும் சட்டையில் பாதி இந்தச் சந்துகளில் தைத்ததாக இருந்தாலும் ஆச்சரியமில்லை.

ஹூபெய் மாகாணத்து அக்கா ஒருவர் எனக்கு சாம்பிள் தைத்துத் தருவார். நூல் ஸ்டாண்டில் போனைச் சாய்த்து வைத்திருப்பார். அதில் அவர் பையன், ஆயிரம் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் பாட்டி வீட்டில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவான். இவர் ஓவர்லாக் மெஷின் ஓட்டிக்கொண்டே அவனை அதட்டுவார். ஏன் கூட வைத்துக்கொள்ளவில்லை என்று கேட்டிருக்கிறேன். குடும்பப் பதிவு, அதுதான் ஹுகோவ், இந்த ஊரில் இல்லையென்றால் அரசுப் பள்ளியில் இடம் வாங்கப் புள்ளி சேர்க்க வேண்டும். பீஸ் ரேட்டில் தைக்கிறவருக்கு எங்கிருந்து புள்ளி சேரும்? வீடியோவில் இது வரவில்லை. ஜூம் போதவில்லை போல.

"அங்கே தீப்பிடித்தால் வண்டி போகாது, வெயில் படாது, அதை இடிப்பது நல்லதுதானே" என்கிறார்கள். சரி, நியாயம். வயர்கள் தொங்குவதைப் பார்த்து நானே பயந்திருக்கிறேன். ஆனால் இடிக்கக்கூடாது என்று நான் எங்கே எழுதினேன்? குப்பை என்று சொல்லாதே என்றுதான் எழுதினேன். குப்பை. இல்லை. அவ்வளவுதான்.

"இடித்தால் அவர்களுக்கு கோடிக்கணக்கில் இழப்பீடு கிடைக்கும், உனக்கென்ன கவலை" என்று இன்னொருவர். யாருக்குக் கிடைக்கும்? இதே குவாங்சோவில் லியெடெ என்ற கிராமத்தை 2007-ல் இடித்தார்கள். 2010 ஆசிய விளையாட்டுக்கு முன்னால் ஊர்க்காரர்களுக்கு அடுக்குமாடி வீடுகள் தயார். மூதாதையர் மண்டபங்களைக்கூட மறுபடி கட்டிக்கொடுத்தார்கள், டிராகன் படகுத் திருவிழா இன்றும் நடக்கிறது. நல்ல விஷயம், மனசார சொல்கிறேன். வாடகைக்கு இருந்தவர்கள்? மூட்டையைக் கட்டிக்கொண்டு இன்னும் தள்ளிப் போனார்கள். 2022 நவம்பரில் கொரோனாவுக்காக, காங்லெ இருக்கும் ஹைஜூ மாவட்டத்தைப் பூட்டியபோது தடுப்புகளைத் தள்ளிவிட்டு வெளியே வந்ததும் காங்லெயின் இந்த வாடகைக்காரர்கள்தான். கூலி இல்லாமல் எத்தனை நாள் உள்ளே உட்கார்ந்திருப்பது? இப்போது பட்டறைகளைப் பக்கத்து நகரமான சிங்யுவான் பக்கம் நகர்த்துகிறார்கள். இழப்பீட்டுக் கணக்கு போடுகிறவர்கள் அங்கே போய் ஒரு தையல்காரரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

ஒரே கமெண்டுக்கு எனக்கு இரண்டு பட்டம். "சீனாக்காரன் கைக்கூலி" என்று ஒருவர். "சீனா முன்னேறுவது பொறுக்காதவன்" என்று இன்னொருவர். இரண்டு பக்கச் சம்பளமும் இன்னும் வந்து சேரவில்லை, வந்ததும் சொல்கிறேன்.

"ஜாலியாப் போட்ட வீடியோவுக்கு இவ்ளோ சீன் தேவையா" என்கிறவர்களுக்கு ஒன்று. திருப்பூரில் பத்து குடும்பத்துக்கு ஒரே குழாய் இருந்த காம்பவுண்டு வீட்டில் வளர்ந்தவன் நான். அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நின்று நின்றே காலில் நரம்பு சுருட்டிக்கொண்டவர். அந்தத் தெருவை மேலே நின்று எடுத்தாலும் தகரக் கூரைதான் தெரியும். அதையும் பார்த்துச் சிரித்திருப்பீர்கள் இல்லையா? சென்னையில் ஆற்றங்கரை வீடுகளை இடித்து, இருந்தவர்களைக் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் கொண்டுபோய் விட்டபோதும் "ஊர் அழகாயிடுச்சு" என்றுதானே சொன்னீர்கள். நீங்கள் சீனாவைப் பார்க்கவே இல்லை அண்ணா. சீனாவை ஒரு குச்சியாக எடுத்துக்கொண்டு நம் ஊர் ஏழையை அடிக்கிறீர்கள்.

அடுத்த கேண்டன் ஃபேர் வர்த்தகக் கண்காட்சிக்கு மறுபடி வருவதாக அறிவித்திருக்கிறீர்கள். வாங்க. மெட்ரோ 8-ஆம் லைன், லுஜியாங் ஸ்டேஷன். நானே வந்து கூட்டிப்போகிறேன். ஃப்ளைட் டிக்கெட் சொந்தச் செலவில் வாங்கித் தருகிறேன் என்றெல்லாம் சொல்லமாட்டேன், ஒரு தட்டு அரிசி ரோல் என் கணக்கு. அந்தக் கடைசி இரண்டு நிமிடத்தை அந்த அக்கா முன்னால் நின்று ஒரு தடவை பேசிக் காட்டுங்கள். மொழிபெயர்க்க நான் இருக்கிறேன்.