ஆறு பேர் பாடினால் ஆறு பேர் பாடுவது போல்தான் கேட்கும்

பள்ளிப் பாட்டுக் குழுவைப் பற்றிய 'க்ளீ' தொடரின் முதல் எபிசோடை இப்போதுதான் பார்த்துவிட்டு, "ஆண்டு விழாவுக்கு நாமளும் இப்படிப் பண்ணலாமா மிஸ்?" என்று கேட்கும் பிள்ளைகள் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் எல்லாப் பள்ளியிலும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் 2009 மே 19இல் ஃபாக்ஸ் சேனலில் தொடங்கி, 2015இல் 121 எபிசோடோடு முடிந்துபோன தொடர். ஆனால் முதல் தடவை பார்க்கிற பிள்ளைக்கு நேற்று வந்த மாதிரிதான். தாராளமாகப் பார்க்கட்டும். பாட்டு டீச்சர்கள் மட்டும் அதைப் பாடத்திட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அந்த முதல் எபிசோடின் கடைசிக் காட்சியில் ஆறே பிள்ளைகள் மேடையில் பாடுகிறார்கள். நம் காதில் விழுவது ஆறு குரலா? முதலில் ஸ்டுடியோவில் பதிவு. குரல்மேல் குரலாக அடுக்கி, சுருதியைச் சரிசெய்து முடித்த பிறகுதான் கேமரா முன்னால் வாயசைப்பு. இதை ஏமாற்று வேலை என்று சொல்ல நம்ம ஊருக்கு வாய் கிடையாது. 1938இல் 'நந்தகுமார்' படத்தில் பின்னணிக் குரலைத் தமிழுக்குக் கொண்டுவந்தவரே காரைக்குடி ஏவி. மெய்யப்பன்தானே!

ஆண்டு விழா மேடையில் வாயசைப்பு இல்லை, நிஜமாகவே பாடப்போகிறோம் என்றால், பாதிப் பள்ளிகள் கோட்டைவிடுவது கட்டையில், அதாவது எந்தச் சுருதியில் பாடுவது என்பதில். கரோக்கி டிராக்கை யூடியூபில் எடுத்து அப்படியே ஓடவிடுகிறார்கள். அது மூலப் பாட்டைப் பாடிய ஆண் பாடகரின் சுருதி. பெண் பிள்ளைகள் கீழே பாடினால் சத்தமே வராது, ஒரு ஸ்தாயி மேலே போனால் சரணத்தில் கீச்சிடும். பாட்டின் மிக உயர்ந்த இடம் எது என்று முதலில் தேடுங்கள், பெரும்பாலும் சரணத்தின் கடைசி வரியில் இருக்கும். குழுவிலேயே குரல் மேலே எட்டாத நாலு பேரை அந்த ஒரு வரியை மட்டும் பாடச் சொல்லுங்கள். கழுத்து நரம்பு புடைத்தால் அரைக் கட்டை இறக்குங்கள், மறுபடி பாடச் சொல்லுங்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பெண் பிள்ளைகளுக்கு 5 கட்டையில், ஆதார ஸட்ஜத்திலிருந்து (தொடங்கும் 'ஸ') மேல் மத்யமம் (மேல் ஸ்தாயி 'ம') வரை சிரமமில்லை. டிராக்கின் சுருதியை மாற்ற மொபைல் செயலியே போதும். ஒன்றரைக் கட்டைக்கு மேல் இறக்கினால் மட்டும் தபலா தொளதொளத்துக் கேட்கும். அப்போது பாட்டையே மாற்றுவது நல்லது.

ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் தனிக் கதை. குரல் உடைகிற வயதில் ஆறேழு ஸ்வரம்தான் கைவசம் இருக்கும், அதுவும் மாதத்துக்கு மாதம் மாறும். மெட்டை அவர்கள் தலையில் கட்டாதீர்கள். பல்லவியில் ஒரு வரியை மட்டும் கீழே பிடித்து நிற்கட்டும். அந்த இரண்டாம் குரலை முதலில் சொல்லிக்கொடுங்கள், மெட்டைப் பிறகு. முறை மாறினால் மூன்றாம் நாளே எல்லோரும் மெட்டுக்குச் சறுக்கிவிடுவார்கள். தொடரில் தாளைக் கையில் கொடுத்த நிமிஷமே நாலு குரலும் வந்துவிடுகிறது. நமக்கு அந்த ஒரு வரிக்கே மூன்று வாரம் ஒதுக்க வேண்டும்.

ஒத்திகை இடமும் ஆளை ஏமாற்றும். ஆத்தங்குடிக் கல் தரை, வழுவழுப்பான சுண்ணாம்புப் பூச்சு, உயரமான கூரை என்று செட்டிநாட்டு வீட்டு வளவு போல இருக்கிற கூடத்தில் யார் பாடினாலும் இனிக்கும். சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி பிசிறை எல்லாம் மூடிவிடும். அதே பிள்ளைகள் திறந்தவெளி மைதானத்தில் பாடும்போதுதான் குட்டு உடையும். தரையில் ஜமுக்காளம் விரித்து, கதவு ஜன்னலைத் திறந்துவைத்துப் பழக்குங்கள். வாரம் ஒரு நாளாவது வெளியில் பாடட்டும். "கண்கள்" என்று இழுத்து முடிக்கிற இடத்தைக் கவனியுங்கள். இருபது பேரும் 'ள்'ளை ஆளுக்கொரு நேரத்தில் மூடினால் முறுக்கு நொறுங்குகிற மாதிரி இருக்கும். 'க'வின் அகரத்தில் நின்று, உங்கள் கை மூடும்போது எல்லோரும் சேர்ந்து மூட வேண்டும். மூச்சு நேர்மாறு: பக்கத்தில் நிற்பவரோடு ஒரே இடத்தில் எடுக்கக் கூடாது.

ஆடிக்கொண்டே பாடுவது? வேண்டவே வேண்டாம். இரண்டு குதி குதித்ததும் மூச்சு வாங்கும், சுருதி இறங்கும். ஆடுகிறவர்கள் ஆடட்டும், பாடுகிறவர்கள் மைக் முன்னால் நிற்கட்டும்.

நாலு பேருக்கு ஒரு மைக், வாயிலிருந்து ஓர் அடி. கணீர்க் குரல்காரி அரை அடி பின்னால் நிற்கட்டும். மைக் எப்போதும் ஸ்பீக்கருக்குப் பின்னால் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஊளையிடும். மைதானத்தின் கடைசியில் இருக்கும் குழாய் ஸ்பீக்கரிலிருந்து டிராக்கைக் கேட்டுப் பாடினால் தாளம் பின்வாங்கும். முப்பது மீட்டரைக் கடக்க ஒலிக்கு ஒரு நொடியில் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு ஆகிறது. மேடை ஓரத்தில், பிள்ளைகளைப் பார்த்து ஒரு சின்ன பெட்டி ஸ்பீக்கர் வையுங்கள், அதில் டிராக் மட்டும் ஓடட்டும். டிராக் ஓடும் போனை ஒயரில் மாட்டி ஃபிளைட் மோடில் போடுங்கள். மைக் செட் அண்ணனிடம் காலையிலேயே போய், "அண்ணே, எக்கோ வேண்டாம்ணே" என்று சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் கேட்காமலே கூட்டிவைப்பார். முன் வரிசை ஆச்சிமார்களுக்கு ஒரு வரிகூடப் புரியாது.