தினம் ஓர் ஊர் வேண்டாம், ஓர் ஆற்றங்கரை போதும்

செப்டம்பர் லீவு வருகிறது என்று தெரிந்துகொள்ள காலண்டர் பார்க்க வேண்டாம், நம் ஆட்களின் வாட்ஸ்அப் குழுக்களைப் பார்த்தால் போதும். மெல்பர்னில் கிளம்பி கிரேட் ஓஷன் ரோடு, மவுண்ட் காம்பியர், அடிலெய்ட், திரும்பும்போது மில்டுரா. தினம் ஓர் ஊர், ராத்திரியெல்லாம் ஃப்ரீ கேம்பிங், செலவு காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் கேரவன் வீட்டின் வாடகையும் டீசலும்தான் என்று ஒருவர் எக்செல் ஷீட்டே போட்டுவிடுவார். கீழே கைதட்டல் எமோஜி குவியும்.

என் கட்சி வேறு. காசில்லாமல் தங்கும் இடங்கள் ஊர் சுற்றுகிறவர்களுக்குச் சரிப்படாது, அதுவும் பள்ளி விடுமுறையில். ஒரே இடத்தில் நாலைந்து நாள் சும்மா கிடக்கத் தயாராக இருப்பவர்களுக்குத்தான் அவை லாயக்கு.

இந்த இடங்களில் பெரும்பாலும் முன்பதிவு கிடையாது. முதலில் வந்தவருக்கே இடம். முன்னூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு சாயங்காலம் ஐந்து மணிக்குப் போய் நின்றால், நல்ல இடமெல்லாம் காலையிலேயே போயிருக்கும். அடுத்தது எங்கே என்று தேடிக் கிளம்பும்போது இருட்டத் தொடங்கும். கங்காரு சாலைக்கு வருகிற நேரமும் அதுதான். பின்னால் இரண்டரை டன் கேரவனை வைத்துக்கொண்டு சட்டென்று பிரேக் போடவும் முடியாது, ஸ்டியரிங்கை ஒடிக்கவும் கூடாது. கடைசியில் நெடுஞ்சாலையில் லாரிகள் நிற்கும் இடத்தில் நுழைத்துவிட்டு, ஒரு ராத்திரிதானே என்பார்கள். லாரி ஓட்டுநர் குறிப்பிட்ட மணி நேரத்துக்கு ஒருமுறை ஓய்வெடுத்தே ஆக வேண்டும் என்பது சட்டம். அவர் இடத்தை நாம் அடைத்துக்கொண்டால், அந்த மனிதர் தூக்கக் கலக்கத்தோடு அடுத்த நிறுத்தம் வரை ஓட்ட வேண்டியதுதான்.

முன்பதிவு வைத்தால் சரியாகிவிடும் என்றும் நான் நம்பவில்லை. 2024 டிசம்பர் 1 முதல் 2025 ஜூன் 30 வரை விக்டோரியாவின் பூங்காக்களை நிர்வகிக்கும் பார்க்ஸ் விக்டோரியாவின் முகாம்களில் தங்க மாநில அரசு கட்டணமே வாங்கவில்லை. நல்ல எண்ணம்தான். நடந்தது என்ன? காசா பணமா என்று பலரும் பதிவு செய்துவைத்துவிட்டுப் போகாமலே இருந்துவிட்டார்கள். இணையத்தில் பார்த்தால் இடமில்லை, நேரில் போனால் காலி. என்னைக் கேட்டால் பத்து டாலராவது வாங்க வேண்டும், வராதவர்களுக்குத் திருப்பித் தரக் கூடாது. இதைச் சொல்லி நண்பர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

சரி, எங்கே போவது? கடற்கரையை மறந்துவிடுங்கள். வில்சன்ஸ் பிராமன்டரியின் டைடல் ரிவர் முகாமில் கிறிஸ்துமஸ் சீசனுக்குக் குலுக்கல் போட்டுத்தான் இடம் தருகிறார்கள். விக்டோரியாவுக்கும் நியூ சவுத் வேல்ஸுக்கும் எல்லையாக ஓடும் மர்ரே ஆற்றுப் பக்கம் போங்கள். யாரவோங்காவிலிருந்து கோப்ரம், டோக்கம்வால் வரை ஆறு வளைகிற இடமெல்லாம் மணல் திட்டு. அவற்றில் பலவற்றில் காசும் வேண்டாம், பதிவும் வேண்டாம். செப்டம்பரில் விக்டோரியா பள்ளிகள் வழக்கமாக நியூ சவுத் வேல்ஸுக்கு ஒரு வாரம் முன்பே மூடிவிடுகின்றன. அந்த முதல் வாரத்தில் போனால் அக்கரைக் கூட்டம் வருவதற்குள் நிம்மதியாக இருந்துவிட்டு வரலாம்.

நிழலைக் கண்டால் மரத்தடிக்குப் போவது நம் பழக்கம். அங்கே அது ஆகாது. கரையோரம் நிற்கும் ரெட் கம் என்ற யூகலிப்டஸ் மரத்தில் காற்றே இல்லாத நாளிலும் பெரிய கிளை முறிந்து விழும். தண்ணீர் அப்போது சில்லென்று வேகமாக ஓடும், அடியில் கட்டைகள் கிடக்கும்; பிள்ளைகளைக் கரையோடு நிறுத்திவிடுங்கள். தூண்டில் போட ஆசைப்படும் அப்பாக்களுக்கு ஒரு வார்த்தை: விக்டோரியா கரையில் உட்கார்ந்தாலும் ஆறு நியூ சவுத் வேல்ஸ் கணக்கு, அந்த மாநில உரிமம்தான் வேண்டும். மர்ரே காட் மீனை செப்டம்பர் முதல் நவம்பர் முடியும் வரை பிடிக்கவே கூடாது.

எத்தனை நாள் இருக்கலாம் என்பதைத் தண்ணீர்தான் முடிவு செய்யும். குடும்பக் கேரவன் பலவற்றில் 95 லிட்டர் தொட்டி இரண்டு இருக்கும். நிரப்பினால் 190 கிலோ. அனுமதித்த மொத்த எடையில் வெறும் வண்டியின் எடையைக் கழித்தால் பல வண்டிகளில் மிஞ்சுவது 400, 500 கிலோதான். அதற்குள் தண்ணீர், கேஸ் சிலிண்டர்கள், சைக்கிள்கள், துணிமணி எல்லாம் அடங்க வேண்டும். இதில் எதற்கும் இருக்கட்டுமே என்று இருபது கிலோ பொன்னி அரிசி மூட்டை வேறு! கிரைண்டரையே ஏற்றிக்கொண்டு வந்த குடும்பத்தையும் பார்த்திருக்கிறேன். இட்லி நன்றாகத்தான் இருந்தது, சாப்பிட்டேன்.

நம் சமையலுக்குச் செலவாவதைவிடப் பாத்திரம் கழுவத்தான் தண்ணீர் அதிகம் போகும். எங்கள் வீட்டில் இதற்கு வழி கண்டவர் என் அத்தை. எண்ணெய்ச் சட்டியை முதலில் காகிதத்தால் துடைத்துவிடுவார். அரிசி களைந்த தண்ணீரைக் கொட்டாமல் ஒரு பேசினில் பிடித்துவைத்து, சாப்பிட்ட தட்டுகளை அதில் ஊறப்போடுவார். அப்புறம் செடிக்கு அடிக்கிற ஸ்ப்ரே பாட்டிலால் ஓர் அலசல். தட்டு, குக்கர், கரண்டி எல்லாம் சேர்த்து இரண்டு லிட்டர்கூடச் செலவாகாது.

கேரவன் கழிப்பறையின் கழிவுப் பெட்டி, அதாவது டாய்லெட் கேசட், நாலு பேருக்கு இரண்டு மூன்று நாளில் நிரம்பிவிடும். பக்கத்து ஊரில் அதைக் கொட்டும் டம்ப் பாயிண்ட் எங்கே என்று விக்கிகேம்ப்ஸ் செயலியில் முன்பே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். கழிவைப் புதருக்குள் ஊற்றிவிட்டுப் போகும் ஜென்மங்களால்தான் நல்ல இடங்களுக்குப் பூட்டு விழுகிறது. ஊருக்குள் போனதுதான் போனீர்கள், பாலும் ரொட்டியும் டீசலும் அங்கேயே வாங்குங்கள். ஒரு வாரச் சாமானையும் மெல்பர்ன் டாண்டினாங்கிலேயே வாங்கி ஏற்றிக்கொண்டு போய், அந்த ஊருக்குக் குப்பையை மட்டும் கொடுத்துவிட்டு வருவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அப்புறம் மழை. ஆற்றங்கரைப் பாதையெல்லாம் களிமண். நனைந்துவிட்டால் ஃபோர் வீல் டிரைவ் வண்டிகூடக் கேரவனை இழுக்கத் திணறும். சனிக்கிழமை மழை என்றால் வெள்ளி மதியமே தார் ரோட்டுக்கு வந்துவிடுங்கள். அன்று ராத்திரி காசு கொடுத்து கேரவன் பார்க்கில் தங்க வேண்டிவரும், பரவாயில்லை. வெந்நீர்க் குளியல் உண்டு என்று சொன்னால் பிள்ளைகள்தான் முதலில் வண்டியில் ஏறி உட்கார்ந்திருப்பார்கள்.