தொழிற்சாலை பெருகினால் போர் வராதா?

"கைத்தொழிலில் முன்னேறிய நாடுகள் தமக்குள் பெரிய போர் செய்ததே இல்லை. தொழிற்சாலை வந்த இடத்துக்குப் போர் வராது" என்ற செய்தி மட்டக்களப்பு, அம்பாறை வட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. இது தவறு.

1914இல் மோதிய பிரிட்டனும் ஜேர்மனியும் ஐரோப்பாவின் முன்னணிக் கைத்தொழில் நாடுகள். ஒன்றோடொன்று பெருமளவில் வியாபாரமும் செய்தவை. படைகளை ரயில் சுமந்தது, ஷெல்களை ஆலைகள் இலட்சக்கணக்கில் வார்த்தன. நம் வயலுக்குப் போடும் யூரியாவின் மூலப்பொருள் அமோனியா. அதைப் பேரளவில் தயாரிக்க 1913இல் ஜேர்மனியின் ஓப்பாவில் ஆலை திறந்தார்கள். போர் வந்ததும் அதே அமோனியா வெடிமருந்துக்குப் போனது. அமெரிக்காவிலோ 1942 பெப்ரவரியில் பொதுமக்களுக்கான கார் உற்பத்தியை நிறுத்திவிட்டு, கார் ஆலைகளைப் போர்த் தளவாடங்களுக்குத் திருப்பினார்கள்.

நமக்கு இதற்குத் தூரம் போகவும் தேவையில்லை. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மிஸ், மட்டக்களப்புக் கரைக்கு அப்பால் இன்னும் கிடக்கிறது. முந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதைத் தாக்கிய குண்டுவீச்சு விமானங்களைச் செய்த ஐச்சி, மணிக்கூடு செய்து தொடங்கிய கம்பனி!

சரி, தொழிற்சாலைதான் போரை உண்டாக்குகிறது என்றும் சொல்லவில்லை. முடிவெடுப்பது அரசுகள். ஆனால் அந்த முடிவை வருடக்கணக்கில், இலட்சக்கணக்கான உயிர்களை வாங்கி நடத்தும் பலத்தைத் தந்தது கைத்தொழில். எங்கள் பிள்ளைகளுக்கு வேலை தரும் ஆலைகள் கட்டாயம் வேண்டும். அதைக் கேட்கப் பொய் வரலாறு தேவையில்லை.

தரம் 11 வரலாற்றுப் பாடநூலில் கைத்தொழில் புரட்சியையும் உலகப் போர்களையும் வாசித்துப் பாருங்கள். ஹேர்மிஸ் பற்றி பிரிட்டனின் இம்பீரியல் போர் அருங்காட்சியக இணையத்தளத்தில் தேடலாம். அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியவருக்கு இதைக் காட்டுங்கள்.